மூன்றாவது கப்பல் தலைகாட்டினால் சோறு வெந்தது

அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் வேலையில் இருந்தன. இடது விரல் நாலு திசைக்கும் நழுவிக்கொண்டிருந்தது. வலது விரல் கன்ட்ரோலரின் சிவப்புப் பொத்தானை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டிலும் வெங்காய வாசனை. வலது விரலின் ஓரத்தில், வாணலி விளிம்பு எப்போதோ இழுத்துவிட்ட பழைய சூட்டுக்கோடு. அடுப்பில் சோற்றுப் பானையின் மூடி தாளம் போட்டது. அடுப்பு மேடையின் மூலையில் இருந்த சின்ன டிவியில் வீடியோ கேமின் வெள்ளை விமானம் குண்டு மழைக்கு நடுவே புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த விமானத்தை விரட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கீழே கடல் தன்பாட்டுக்கு நகரும். ஓட்டுகிறவர் கெட்டிக்காரரானாலும் மந்தமானாலும் கடல் ஒரே வேகத்தில்தான் போகும். ஓட்டுகிறவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சாகாமல் இருப்பது. அப்படி இருந்துவிட்டால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய போர்க்கப்பல், சொல்லிவைத்தாற்போல், அதே நேரத்துக்கு வந்து நிற்கும்.

அந்த வீட்டில் சமையல் நடந்தது இந்தக் கப்பல்களை நம்பித்தான். முதல் கப்பல் தலைகாட்டினால் முட்டையை இறக்கலாம். வெள்ளை இறுகி, மஞ்சள் மட்டும் தேன் பதத்தில் நிற்கும். மூன்றாவது கப்பலுக்குச் சோறு வடிக்கலாம். ஐந்தாவதுக்கு ஊறவைத்த பயறு. கறிக்கு மட்டும் கடைசிக் கட்டம்வரை போகவேண்டும். நடுவில் செத்தால் கட்டத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும், சோறு குழைந்துவிடும். ஆகவே அவள் சாவதில்லை.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பைலட். மளிகைக்கடைக்காரர்கூட "பைலட்டம்மாவுக்கு அரைக் கிலோ பயறு" என்றுதான் சொல்லுவார். காலையில் சலவைக்கடையில் துணி தேய்ப்பாள், மதியத்துக்குமேல் வீடு. கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கீழ்வீட்டில் இருக்கும் கணவரின் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தாலும் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மூச்சு மிச்சம் வைத்திருப்பாள். "வீட்ல ஒரு பைலட்டு, ஒரு டிரைவரு. இருந்து என்ன பிரயோஜனம்? என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல!"

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்தது இது. சமையலறைக் கடிகாரம் ஆவி குடித்து நின்றுபோயிருந்தது. குழந்தையோ, விமானம் சுடுகிற சத்தம் கேட்டால் மட்டுமே அழுகையை நிறுத்துவேன் என்று பிடிவாதம். மடியில் குழந்தை, கையில் கன்ட்ரோலர், அடுப்பில் பானை. அப்புறம் கடிகாரம் மாட்டத் தோன்றவில்லை. கேட்டால் சொல்லுவாள்: "கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துட்டு மறந்துடலாம். விமானத்தை மறந்தா செத்துடும்."

டிரைவருக்குச் செய்தி என்றால் உயிர். வேலை முடிந்து வந்தால் கூடத்து டிவியில் மாலைச் செய்தி. செய்தியின் ஆரம்ப இசை கேட்டதும் இவள் பானையை ஏற்றி விமானத்தைக் கிளப்புவாள். துறைமுக வேலைநிறுத்தம், பதவி விலகிய மந்திரி, விலைவாசி எல்லாம் கடந்து வானிலை வரும்போது கூடத்திலிருந்து அவர் கத்துவார்: "மழையாம்!"

இவள் உள்ளேயிருந்து பதிலுக்குக் கத்துவாள்: "கப்பலாம்!"

மழை சொன்னாலும் வெயில் சொன்னாலும் அவர் "மழையாம்" என்றுதான் கத்துவார். மூன்றாவது கப்பலும் வானிலைப் பெண்ணும் சேர்ந்தே வருவார்கள் என்பது அந்த வீட்டுப் பழைய வேடிக்கை.

ஒருநாள் கேம் பெட்டி கருகல் வாசனையோடு நின்றுபோனது. அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்கா வாய் திறப்பதற்கு முன்னாலேயே கைக்குட்டை அளவில் ஒரு புதுப் பெட்டியோடு வந்து நின்றான்.

"கேசட்டே வேணாம்க்கா. உலகத்துல இருக்கிற பழைய கேம் எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"எனக்கு ஒண்ணு போதும்டா."

"அதுவும் இருக்கு."

"இது செத்துப்போச்சுக்கா" என்று பழைய பெட்டியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அதே விமானம், அதே கடல், அதே கப்பல். அவள் தம்பியின் தலையைத் தடவி, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

அதற்கப்புறம்தான் வினை தொடங்கியது. சோறு பல்லில் கடிபட்டது. பயறு தட்டில் உருண்டது. முட்டையை உடைத்த டிரைவர், வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாய் வழிவதைப் பார்த்து, கெட்ட செய்தி வாசிக்கிறவர் முகத்தோடு நிமிர்ந்தார்.

"என்ன பைலட்டு, ஓடுது?"

"புது முட்டை. அப்படித்தான் இருக்கும்."

"கோழிக்குள்ள இருந்தப்ப இதைவிட நல்லா வெந்திருக்கும்" என்றாள் அவர் அக்கா.

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவர்களுக்குச் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. எதிரி விமானங்கள் முன்னைவிட வேகமாக வருவதாகப் பட்டது. பழகிய பாட்டு யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி அவசரப்பட்டது. தூக்கத்திலும் தப்பிக்கக்கூடிய குண்டு ஒன்று அவளைத் தொட்டுவிட்டது. எத்தனையோ வருடத்துக்கப்புறம் அவள் செத்தாள், அதுவும் இரண்டாம் கட்டத்தில்.

கேம் வேகமாகாது. அப்படியானால் கை மெதுவாகியிருக்கிறது. காது மங்கியிருக்கிறது. சமையலும் தப்புகிறது. எல்லா விரலும் ஒரே ஆளைத்தான் காட்டின.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவுக்கும் முதலில் தப்பியது சமையல்தான். வேகாத சோறு, அப்புறம் அணைக்காத அடுப்பு, அப்புறம் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. பார்க்கப் போனால் "இது யாரு வீடும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிய நாளில் வீட்டார் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள்.

போதாக்குறைக்குச் செய்தியில் ஒரு சிறப்புத் தொகுப்பு வந்தது. மறதி நோயை முன்கூட்டிக் கண்டுபிடிப்பது எப்படி? 'பழகிய சமையலில் திடீர்த் தடுமாற்றம் ஓர் அறிகுறியாக இருக்கலாம்' என்றாள் செய்தி வாசிக்கிற பெண். டிரைவர் தன் தட்டைப் பார்த்தார். தன் அக்காவைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. அந்த வாரமே பயற்றில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதே வீட்டில்தான் இருக்கிறாள். நல்லவள். வேலையிடத்தில் நோயாளிகளிடம் பேசுகிற குரலை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் அவள் செய்த தப்பு.

"அம்மா, உட்காருங்க. ஒண்ணும் பயப்படாதீங்க."

"நான் எங்கடி பயந்தேன்?"

"நம்ம தெருமுனை மெஸ்ல சொல்லியிருக்கேன். திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு அங்கிருந்து வந்துடும். ஞாயித்துக்கிழமை மதியம் மெஸ்காரர் காலிக் கேரியர் வாங்கிட்டுப் போக வருவாரு. திங்கட்கிழமையே டாக்டரையும் பார்த்துடலாம். சும்மா ஒரு பரிசோதனை."

"அடுப்பு?"

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "அடுப்பு எங்கயும் ஓடிடாதும்மா. கொஞ்சநாள் அதுவும் ஓய்வெடுக்கட்டுமே."

"அதுவரைக்கும் இதை வெச்சுக்கோங்க" என்று மகள் ஒரு சமையல் டைமரை மேடையில் வைத்தாள். தக்காளி வடிவம். திருகினால் டிக் டிக்கென்று ஓடி, நேரமானதும் மணியடிக்கும்.

அவள் அதை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, நிஜத் தக்காளிக் கூடைக்குள் போட்டாள்.

"மெஸ்காரர் வரட்டும். அவருக்கு என்ன பதில்னு அன்னைக்குப் பேசிக்கலாம். அதுவரைக்கும் என் அடுப்புமேல யாரும் கைவைக்கக்கூடாது. நீங்களும்தான், அண்ணி."

"நான் எதுக்கும்மா கைவைக்கிறேன்? சாப்பிடறதுக்கு மட்டும்தான் வெப்பேன்."

பைலட்டின் வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே நெஞ்சு தக்காளி டைமரைவிட வேகமாக அடித்துக்கொண்டது.

அன்று மாலையும் செய்தியின் இசை கேட்டது. பானையை ஏற்றினாள். செத்தாலும் இங்கேதான் சாவேன் என்கிற மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்து ஓட்டினாள். வேகமாகவா வருகிறாய், வா. முதல் கப்பல் போனது. இரண்டாவது போனது. மூன்றாவது தலைகாட்டியது, எரிந்தது, மூழ்கியது. நாலாம் கட்டத்தின் தீவுகள் தெரிய ஆரம்பித்தன.

கூடத்திலிருந்து, பழக்க தோஷத்தில், டிரைவர் கத்தினார்: "மழையாம்!"

"கப்ப..." என்று தொடங்கிய வாய் அப்படியே நின்றது. கட்டைவிரலும் நின்றது. விமானம் வெடித்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கூடத்து வாசலுக்கு வந்தாள்.

"இப்பதான் மழை சொன்னாங்களா?"

"ஆமா, இப்பதான். ஏன்?"

"கப்பல் எப்பவோ போயிடுச்சுங்க."

அவருக்குப் புரியவில்லை. மகள் புருவத்தைச் சுருக்கினாள். "செய்தியை இழுத்திருப்பாங்கம்மா. அந்தத் துறைமுக விஷயத்தையே எவ்வளவு நேரம் காட்டினாங்க, பார்த்தீங்கல்ல?"

அதுவும் நியாயம்தான். மறுநாள் கவனித்தாள், அதற்கு மறுநாளும் கவனித்தாள். துறைமுகத்தில் சமாதானமானது. மந்திரி பதவிக்குத் திரும்பி வந்தார். செய்தி நீண்டாலும் குறுகினாலும் கப்பல் எப்போதும் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போனது. உலகம் பூராவும் ஒவ்வொரு நாளும் தாமதமாகுமா என்ன?

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், பழைய பெட்டியை என்ன பண்ணின?"

"என்கிட்டதான் இருக்கு. தூக்கிப்போட மனசு வரல."

"செத்துப்போச்சுன்னியே?"

எதிர்முனையில் கொஞ்சம் இருமல். "பெட்டி சாகலக்கா. அடாப்டர்தான் கருகிடுச்சு. சொன்னா நீ புதுசு வேணாம்னு சொல்லிடுவ. உனக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

"உன் ஆசையில என் அடுப்பே அணையப் போகுதுடா. ஞாயித்துக்கிழமை காலையில பெட்டியும் கேசட்டும் வேற அடாப்டரும் இங்க இருக்கணும். நீயும்தான்."

ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லோரையும் சமையலறைக்குள் கூப்பிட்டாள். டிரைவரிடம் கூடத்து டிவியைத் தூக்கிவரச் சொன்னாள். அவருடைய ஞாயிறு விவாத நிகழ்ச்சி அப்போதுதான் சூடுபிடித்திருந்தது.

"இப்பவா? எதிர்க்கட்சிக்காரன் பதில் சொல்லப் போறான்!"

"அவன் அடுத்த வாரமும் அதையேதான் சொல்லுவான். தூக்குங்க."

சின்ன டிவியில் பழைய பெட்டி, பெரிய டிவியில் புதுப் பெட்டி. அடுப்பில் ஒரே அளவில் இரண்டு பானைகள், ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. ரெண்டு பெட்டியையும் ஒண்ணா ஆரம்பிக்கிறோம். எந்தப் பெட்டியில மூணாவது கப்பல் தலைகாட்டுதோ, அந்தப் பக்கத்துப் பானையை வடிக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சுன்னா, தப்பு என் தலையிலதான். கரண்டியை நானே கழுவிக் குடுத்துடறேன். மெஸ்காரரையும் நானே உள்ள கூப்பிட்டு உட்கார வைக்கிறேன்."

"வரலைன்னா?" என்றாள் நாத்தனார். அவளுக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும்.

"வரலைன்னா இந்த வீட்ல ஒருத்தரும் இனிமே என் அடுப்பைப் பத்திப் பேசக்கூடாது."

பழைய பெட்டியை அவள் எடுத்துக்கொண்டாள். புதியதைத் தம்பி வாங்கினான். அவன் விமானம் கிளம்பிய கையோடு வெடித்தது. மறுபடி கிளம்பியது, மறுபடி வெடித்தது.

"பத்து மாடி லிஃப்ட்டை நிறுத்தற கை, ஒரு விமானத்தை நிறுத்தத் தெரியலையே!" என்று நாத்தனார் தலையிலடித்துக்கொண்டாள்.

"இதை நிறுத்தக்கூடாதுங்க, ஓட்டணும்!"

"அதுதான் தெரியுதே, நீ ஓட்டற லட்சணம்."

டிரைவர் வாங்கி ஓட்டிப் பார்த்தார். அவர் தொட்டதில் விமானம் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நிறுத்தத்தில் நிற்கிற பேருந்து மாதிரி அடி வாங்கியது. சாகாமல் ஓட்டினால்தானே கப்பல் சரியான நேரத்துக்கு வரும்? பானைகள் கொதிக்கத் தொடங்கின. அவள் தீயை அணைத்துவிட்டு, கதவருகில் கைகட்டி நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாடி."

"நான் தொட்டு எத்தனை வருஷமாச்சும்மா."

"நீ பால் குடிச்சதைவிட இந்தப் பாட்டைக் கேட்டதுதான் அதிகம். என்னைப் பைத்தியம்னு சொல்லத் தைரியம் இருக்குல்ல? வந்து உட்காரு."

"நான் அப்படிச் சொல்லல!"

"சொல்லாமலே மெஸ்ஸுக்குச் சொல்லிட்ட. உட்காரு."

மகளின் காது சிவந்துபோனது. கன்ட்ரோலரை வெடுக்கென்று வாங்கி, அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பானைகளில் புது அரிசி, புதுத் தண்ணீர். தீ பற்றியது. தம்பி கையை உயர்த்தி இறக்கினான். இரண்டு கட்டைவிரல்கள் நாலாயின.

ஆரம்பத்தில் இரண்டு கடலும் ஒன்றாகத்தான் கிளம்பின. அப்புறம் மகளின் கடல் கொஞ்சம் முந்தியது. ஒரு தீவு இங்கே வருவதற்கு முன்னால் அங்கே வந்தது. இரண்டு பாட்டும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நொண்டின. முதல் கப்பல் மகளின் திரையில் நின்றபோது, அம்மாவின் திரையில் வெறும் தண்ணீர்.

டிரைவர் இந்தத் திரையையும் அந்தத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடா இது, ஒரே வண்டி, ஒரே ரூட்டு. ஒண்ணு முன்னால போகுது?"

மகள் சாகவில்லை. ஆட மறக்காத விரல்கள். குண்டு வரும்போது இடது தோளைச் சற்றே சாய்ப்பாள், அம்மாவும் அதே பக்கம்தான் சாய்வாள். இரண்டாவது கப்பலில் இடைவெளி இன்னும் விரிந்தது. மூன்றாவது கப்பல் மகளின் திரையில் மூக்கை நீட்டியதும், "வடிங்க" என்று அவள் சொன்னாள். குரலில் நர்ஸ் இல்லை. நாத்தனார் அந்தப் பானையை இறக்கி வடித்தாள்.

அம்மாவின் விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. மகள் தன் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டாள். அவளுடைய விமானம் செத்தது, அதை அவள் கவனிக்கவில்லை. அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பெட்டியில் அந்த விரல்களுக்கு அவசரமே இல்லை. குண்டுகள் தெரிந்தவர் வீட்டுக்கு வருகிற மாதிரி நிதானமாக வந்தன, இவள் நிதானமாக வழிவிட்டாள். மெதுவான கையின் வேலையாக அது தெரியவில்லை.

கப்பல் தலைகாட்டியது. இரண்டாம் பானை வடிக்கப்பட்டது.

நாத்தனார் முதல் பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். நடுவில் வெள்ளைப் புள்ளி. வாயில் போட்டாள். கடுக்கென்று சத்தம் கேட்டது. இரண்டாம் பானைப் பருக்கை விரல் பட்டதும் பூவாய் மலர்ந்தது. அவள் ஒரு பிடி அள்ளி, உப்புகூடத் தொடாமல் தின்றாள். அந்த வாயிலிருந்து இதைவிடப் பெரிய ஒப்புதல் அதுவரை வந்ததில்லை.

தம்பி இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சில ஊருக்கு ஒரு விதம், சில ஊருக்கு இன்னொரு விதம்னு அப்ப பெட்டி செஞ்சிருக்காங்கக்கா. பழசு நொடிக்கு ஐம்பது படம் காட்டும். புதுசு அறுபது காட்டும். படத்தை எண்ணித்தான் கடல் நகருது. அதான் புதுசு வேகமா ஓடுது." கொஞ்சம் யோசித்து, "ஒண்ணும் குடிமுழுகிப் போகல. புதுசுலயே இன்னும் அரைக் கட்டம் தள்ளி வடிச்சா சரியா இருக்கும்" என்றான்.

"நான் எதுக்குடா தள்ளணும்?" அவள் எழுந்து நின்றாள். "என் கை மெதுவாயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்டா. காது போச்சுன்னு நம்பினேன். எங்க அக்கா மாதிரி ஆயிட்டேன்னு, யார்கிட்டயும் சொல்லாம, தினம் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து பயந்தேன். கடலை வேகமா ஓடவிட்டுட்டு, என்னை நொண்டின்னு சொல்லியிருக்கீங்க எல்லாரும். நான் மாற மாட்டேன். பெட்டி மாறட்டும்."

மகள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள்.

"அம்மா, நான்..."

"அழுதேன்னா சோறு உப்புக் கரிக்கும். முதல்ல அந்தத் தக்காளியை எடுத்துக்கிட்டுப் போ. நேத்து அதைத்தான் நறுக்கப் பார்த்தேன்."

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்றாள் அவள். "உப்பு ரெண்டு தரம் போட்டது நான்தான். அதுக்குப் பெட்டி பொறுப்பில்ல. டாக்டர்கிட்ட வர்றேன், அதை நானே சொல்றேன். சோதிக்கிறதைச் சோதிக்கட்டும். ஆனா ஒண்ணு, அடுப்பைப் பத்தி அவரும் பேசக்கூடாது."

"பேச மாட்டாரும்மா."

"பேசினார்னா அவரையும் இங்க கூட்டிட்டு வா. ஒரு கன்ட்ரோலர் சும்மாதான் கிடக்கு."

டிரைவர் தன் டிவியை அணைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். வாசல் தாண்டும்போது, யாரையும் பார்க்காமல், மெல்ல, "மழையாம்" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. இத்தனை நாள் தன் தட்டையே பார்த்தவர், இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பயறு கொதிக்கத் தொடங்கியிருந்தது, கறி அதற்கும் முன்னாலேயே ஏறியிருந்தது. விமானத்தை எடுத்தாள். இந்தமுறை, டிவியை வைத்துவிட்டுத் திரும்பி வந்த டிரைவரையும் சேர்த்து நாலு தலைகள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கப்பலாக வழியனுப்பின. நடுவே ஒருமுறை குண்டு ஒன்று இறக்கையை உரசிக்கொண்டு போனபோது நாத்தனார், "ஐயோ, பயறு!" என்று கத்தினாள். பயறு பிழைத்தது. கடைசிக் கப்பல் மூழ்கியபோது கறி எலும்பை விட்டுத் தானாகவே கழன்றிருந்தது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வெளியே மெஸ்காரர். வெள்ளைச் சட்டை, பெரிய மீசை, கையில் வேறு யார் வீட்டுக் கேரியர்களோ கொத்தாகத் தொங்கின.

"வணக்கம்மா. நாளையிலிருந்து சாப்பாடுன்னு பாப்பா சொல்லியிருந்தாங்க. காலிக் கேரியர் குடுத்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிடுவேன்."

மகள் முன்னால் வந்து வாயைத் திறந்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் இருங்க."

அலமாரியிலிருந்து கேரியரை எடுத்தாள். துடைத்தாள். அடித்தட்டில் கறி, அதற்குமேல் பயறு. அடுத்த தட்டில் இரண்டாம் பானைச் சோற்றைக் குழைக்காமல், அமுக்காமல், கரண்டியின் விளிம்பால் தளர்த்திப் பரப்பினாள். மேல்தட்டில், முதல் கப்பலுக்கு இறக்கிய ஒரு முட்டையை இரண்டாகப் பிளந்து வைத்தாள். மஞ்சள் தேன் மாதிரி நின்றது, வழியவில்லை. தட்டுகளை அடுக்கி, கொக்கியை மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

வாசலுக்கு வந்து நீட்டினாள். வாங்கிய மெஸ்காரரின் கை, எதிர்பாராத கனத்தில் சற்றே தாழ்ந்தது.

"இது காலியா இல்லையேம்மா?"

"இந்த வீட்லேர்ந்து காலியாக் குடுத்துப் பழக்கமில்லங்க" என்றாள் அவள். "சூடா இருக்கு, அடியில பிடிச்சுக்கோங்க. நீங்க சாப்பிட்டுட்டு, உங்க சமையல்காரருக்கும் ஒரு வாய் குடுங்க."